தூசி பறக்கும் திசை

தலையிலிருந்த வாளி கவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பொன்னுதுரை ஓடிக்கொண்டிருந்தான்.

வாளிக்குள் அரைக்கட்டிச் சவுக்காரமும் ஒரு சுருள் கயிறும் கிடந்து உருண்டன. கக்கத்தில் ரோத்தான் பிரம்பால் பின்னிய கம்பள அடிப்பான். நீளக் காம்பு, நுனியில் முறுக்குப் பிழிந்த மாதிரி மூன்று வளையம். காஜா பெராங் சாலையில் அவனைப் பார்த்தவர்கள், இவன் யாரையோ அடிக்கப் போகிறானா, இல்லை எங்கேயோ அடி வாங்கிவிட்டு ஓடுகிறானா என்று விளங்காமல் ஒதுங்கி வழி விட்டார்கள்.

எல்லாம் கடிகாரத்தால் வந்த வினை. அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும். ஒன்பது என்றால் தோக்கியோ ஒன்பது. மலாக்காச் சூரியனுக்கு அது இன்னும் ஏழரைதான். நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி ஒன்றரை வருஷமாகிறது. மனைவி ருக்மணி மட்டும் வீட்டுக் கடிகாரத்தைத் தொடவில்லை. "வேணும்னா அவன் வந்து திருப்பிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஏழேகால்தானே என்று பொன்னுதுரை நிதானமாக மரவள்ளிக்கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அவளேதான் ஒன்றரையைக் கூட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

சாலை முக்கில் ஜப்பான் சென்ட்ரி காவல் நின்றான்.

துப்பாக்கி முனையில் கத்தி. அவனைக் கடந்து போகிறவர்கள் நின்று, இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி வணங்க வேண்டும். வளைவு குறைந்தால் கன்னத்தில் அறை. பொன்னுதுரை நின்றான். வாளியைக் கீழே இறக்கிவிட்டு வணங்கலாம். ஆனால் வணங்குவதற்கு முன்னால் வேறொரு வேலை செய்தால் அது அவமரியாதை ஆகுமா? அந்த யோசனை முடிவதற்குள் பயம் அவன் இடுப்பை வளைத்துவிட்டது.

வாளி போய்ச் சென்ட்ரியின் பூட்ஸ் மேல் விழுந்தது.

"பாக்கேரோ!"

கன்னத்தில் ஒன்று. மறு கன்னத்தில் ஒன்று. பிறகு சென்ட்ரி வாளியை எடுத்து, அதைப் பொன்னுதுரையின் முகம் மறையும்படி கவிழ்த்து, துப்பாக்கிக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினான். வாளிக்குள் இருப்பவனுக்கு அது தேர்த்திருவிழா மணி மாதிரி கேட்டது. அப்படியே நின்றான். அடுத்த தட்டு வரவில்லை. மெல்ல வாளியைத் தூக்கிப் பார்த்தால், சென்ட்ரி ஒரு சைக்கிள்காரனை அறைந்துகொண்டிருந்தான்.

பொன்னுதுரை சிதறியதைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி ஓடினான். ஓடித்தான் ஆக வேண்டும். சயாம் பின்னாலேயே துரத்தி வந்தது.

ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஜப்பான் கணக்கில் 2603-ஆம் ஆண்டு, அதாவது நாமெல்லாம் 1943 என்று நினைத்துக்கொண்டிருந்த ஆண்டு, ஜூன் முப்பதாம் தேதிக்குள் ஒவ்வொருவனும் தன் தொழிலையும் தொழில் கருவிகளையும் சிறுதொழில் கருவி ஒழுங்கு அலுவலகத்தில் காட்டி, தகட்டு முத்திரை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாதவன் வேலையற்றவன். வேலையற்றவன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போவான். சித்திரையில் குருபோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி ஆட்கள் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றிப் பேச்சு மட்டும் வந்தது, ஆள் ஒருவரும் வரவில்லை.

பொன்னுதுரைக்கு வயது முப்பத்தெட்டு. பதினாறு வருஷம் வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் கம்பளம் சுத்தம் செய்தவன். துரைமார் போனார்கள், கிளப் போனது, சம்பளம் போனது. கம்பளங்கள் மட்டும் பங்களாக்களில் இருந்தன. அவற்றின் மேல் இப்போது ஜப்பான் அதிகாரிகள் நடந்தார்கள். யார் நடந்தால் என்ன, தூசி தூசிதானே என்று கணக்குப் போட்டுத்தான், சொந்தமாகக் கம்பளம் சுத்தம் செய்யும் தொழில் தொடங்க அவன் துணிந்தான். துணிந்தான் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

அலுவலக முற்றத்தில் கூட்டம் கிழக்கு நோக்கிக் குனிந்து நின்றது. கடைசி வரிசையில் போய் அவனும் குனிந்தான். படியில் அலுவலகத்தின் ஜப்பான் அதிகாரி மொரிதா துரை நின்று பேசினார். கட்டைக் குரல், ஆனால் காது கிழியும். யாரோ மலாயில் எழுதிக் கொடுத்ததைத் தினமும் அப்படியே ஒப்பிப்பார். அதற்கு மேல் மலாயில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

"நாங்கள் உங்களை விடுதலை செய்தோம். விடுதலை அடைந்தவன் அனுமதியில்லாமல் அசையக் கூடாது. வெள்ளைக்காரன் உங்களை வேலை வாங்கினான், கூலியும் கொடுத்தான். அது அடிமைத்தனம். நாங்கள் கூலியைப் பற்றிப் பேசவே மாட்டோம். சயாமுக்குப் போக பயப்படாதீர்கள். அங்கே விடுதலை இன்னும் அதிகம்."

எல்லோரும் கை தட்டினார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாததால் கைதட்டல் நெடுநேரம் ஓடியது.

மேசைக்கு முன்னால் பொன்னுதுரையின் முறை வந்தது. நடுவில் மொரிதா துரை. பக்கத்தில், முத்திரைப் பெட்டியை மடியில் வைத்தபடி, துபாஷி நல்லையா. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்கு முன்னால் பத்துபகாட் பக்கம் ஒரு ஜப்பான்காரர் ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து அந்தப் பாஷையைப் பிடித்தவர். மலாக்காவில் மொரிதா துரையின் வாய் அவர்தான்.

"என்ன தொழில் காணும்?"

"கம்பளம் சுத்தம் பண்றதுங்க ஐயா."

"கருவியளைக் காட்டும்."

பொன்னுதுரை வாளி, கயிறு, சவுக்காரம், எல்லாவற்றையும் மேசையில் பரப்பினான். கடைசியாக அடிப்பானை நீட்டினான். மொரிதா துரை அதை வாங்கிக் காற்றில் இரண்டு வீச்சு வீசினார். விஷ், விஷ். பொன்னுதுரை தன்னையறியாமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

"இதாலே எப்படி வேலை செய்யிறது எண்டு துரை கேட்கிறார்."

"கம்பளத்தைக் கயித்துல தொங்க விட்டு, முதுகுப் பக்கமா அடிக்கணுங்க ஐயா. முகத்துல அடிச்சா நூல் செத்துப் போகும். முதுகுல அடிச்சாத்தான் தூசி உதிரும்."

நல்லையா அதை ஜப்பான் பாஷையில் சொன்னார். மொரிதா துரை சிரித்தார். தங்கப்பல் தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பொன்னுதுரை ஓரடி பின்வாங்கினான். அவர் ஏதோ நாலு சொல் கத்திவிட்டு அடிப்பானைத் திருப்பிக் கொடுத்தார்.

நல்லையா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கவனமாக் கேளும். துரை சொல்லுறார்: அடிக்கிற அதிகாரம் இந்த நாட்டிலே ராணுவத்துக்கு மட்டும்தான். தனியார் ஒருத்தரும் அடிக்கிறதைத் தொழிலாச் செய்ய ஏலாது. அதோடை முதுகிலே அடிக்கிறது கோழை வேலை. ராணுவம் எப்பவும் கன்னத்திலேதான் அடிக்கும். விளங்குதே?"

இன்னும் எரிந்துகொண்டிருந்த கன்னத்தைத் தடவியபடி, விளங்குகிறது என்று பொன்னுதுரை தலையாட்டினான். இவ்வளவு நியாயமாக ஓர் அரசாங்கம் தன் கொள்கையைச் சொல்லி அவன் கேட்டதேயில்லை.

"அடிக்காத கருவியாப் பாத்து எடுத்துக்கொண்டு வாரும். அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் சுப்பையன், காஜா பெராங்கில் சவரக்கடை வைத்திருப்பவன். பொன்னுதுரை வாளியைப் பொறுக்குவதற்குள் அங்கே வேறு கதை நடந்தது. நல்லையா அவனுடைய கத்தியைப் பார்த்து ஏதோ குற்றம் சொல்லத் தொடங்கினார். சுப்பையனோ அவரைத் திரும்பியே பார்க்காமல், நேராக மொரிதா துரை முன்னால் போய் ஒரு கும்பிடு போட்டு, துண்டை உதறி அவர் கழுத்தில் கட்டி, நுரை போட்டுவிட்டான். கால் மணியில் துரையின் கன்னம் பளபளத்தது. துரை தன் கையாலேயே முத்திரையை எடுத்து அவன் சட்டையில் குத்தினார்.

"பாத்தியா பொன்னுதுரை?" என்று சுப்பையன் வெளியில் வந்து நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "துபாஷிகிட்ட எல்லாம் நின்னா காரியம் ஆவாது. நேராப் போயி மூஞ்சியப் பிடிக்கணும். நீ என்னமோ புருஷன் வீட்டுக்குப் புதுசா வந்த பொண்ணு மாதிரி நடுங்குற. உன்னையெல்லாம் சயாம்லகூட எடுக்க மாட்டான்டா."

"எடுக்க மாட்டானா?" என்று பொன்னுதுரை ஆசையாகக் கேட்டான்.

"எடுப்பான், எடுப்பான். தண்டவாளத்துக்கு அடியில வைக்க."

அன்று ருக்மணி அவன் கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள். "சரி, அடிக்கக் கூடாதுன்னா வேற என்னங்க இருக்கு? பதினாறு வருஷமா அங்க என்னதான் செஞ்சீங்க?"

"தேய்க்கலாம். பிரஷ்ஷுல ரெண்டு தினுசு இருக்கு. தேங்காய்நார் முரடு, நூலைப் பிச்சு எடுத்துடும். குதிரைமயிர் மெது. அதை வச்சு, கம்பளத்துல மயிர் எந்தப் பக்கம் படிஞ்சிருக்கோ அந்தப் பக்கமாவே தேய்க்கணும். எதிர்ப்பக்கம் தேய்ச்சா முள்ளம்பன்றி மாதிரி நிமிர்ந்துக்கும்."

"அப்ப குதிரைமயிரே எடுங்க. முரடா எதையும் காட்டாதீங்க. மெதுவா இருக்கறதாக் காட்டுங்க. உங்களை மாதிரி."

பழைய கிளப்புக் குதிரைக்காரனிடம் கெஞ்சி ஒரு பிரஷ் வாங்கினான். ஐந்தாம் நாள் மறுபடி மேசைக்கு முன்னால். இந்த முறை சென்ட்ரியிடம் வணங்குவதற்காக வாளியை வீட்டிலேயே விட்டுவிட்டான். பிரஷ் இடுப்பில் செருகியிருந்தது. குனிந்தபோது அது வயிற்றில் குத்தியது. குத்தட்டும் என்று கூடுதலாகக் குனிந்தான்.

மயிர் படிந்த பக்கமாகவே தேய்ப்பதைப் பொன்னுதுரை சொல்லி முடித்ததும், மொரிதா துரை பிரஷ்ஷைத் தடவிப் பார்த்தார். தன் சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி அந்தச் சிரிப்பு. மறுபடி நாலு சொல் கத்தல்.

நல்லையா மறுபடி நெற்றி வேர்வையைத் துடைத்தார். "மயிர் படிஞ்ச பக்கம் தேய்க்கிறது எண்டு சொன்னீரே, அது எந்தப் பக்கம்? தேய்க்கேக்கை தூசி எந்தத் திசையிலே பறக்கும்?"

பொன்னுதுரை இதை எதிர்பார்க்கவில்லை. "கி... கிழக்காலங்க ஐயா. எங்க வீட்டுக் கொடிக்கயிறு அப்படிக் கட்டியிருக்கு."

"கிழக்கிலே தோக்கியோ கிடக்கு. சக்கரவர்த்தி இருக்கிற திசை. அங்கே தூசி தட்டப் போறீரோ?"

பொன்னுதுரை இரண்டு கைகளையும் ஆட்டினான். "இல்லைங்க, இல்லைங்க! மேற்கால திருப்பிக் கட்டிடுறேன்."

"அப்ப நீர் மேற்கைப் பாத்து நிண்டு தேய்ப்பீர். உம்மடை பின்பக்கம் எந்தத் திசையைப் பாக்கும்?"

அது தோக்கியோவைத்தான் பார்க்கும். யோசித்துப் பார்க்கவே அவனுக்குப் பின்பக்கம் கூசியது. "வடக்கங்க ஐயா?"

"வடக்கே ராணுவம் ரயில் பாதை போடுது. அதன்ரை கண்ணிலே மண்ணோ?"

"தெக்க?"

"தெற்கே சியோனான். சிங்கப்பூருக்கு இப்ப அதுதான் பேர். அதன்ரை அர்த்தமே ‘தெற்கின் ஒளி’. ஒளியிலே தூசியோ?"

"மேல பறக்க விடலாங்களா?" அழுகை வரும் குரலில் கேட்டான்.

நல்லையா மேலே பார்த்தார். ஓட்டுக்கூரை தெரிந்தது. "மேலே சூரியன் காணும். கொடியிலே இருக்கிறது அது." பிறகு குரலைத் தாழ்த்தி, "தூசி ஒரு திசையிலும் பறக்காத கருவி கிடைச்சா வாரும். கிடைக்காட்டி வராதேயும்" என்றார். அந்த ‘வராதேயும்’ என்ற சொல்லை மட்டும் ஏனோ இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொன்னுதுரை தூசியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அது கொஞ்சமும் பயமில்லாமல் எல்லாத் திசையிலும் பறந்தது. ஒரு திசைகாட்டி வாங்கினால் ஏதாவது இடுக்குத் திசை அகப்படுமா என்று ருக்மணியிடம் கேட்டான்.

"திசைகாட்டியோட பிடிச்சா ஒற்றன்னு தலைய எடுத்துடுவான்" என்றாள் அவள். "தலையில்லாம சயாமுக்குப் போற எண்ணமா?"

ஜூன் இருபத்தாறு. இன்னும் நாலு நாள்.

அப்போதுதான் பக்கத்துக் குடியிருப்பான கம்போங்கிலிருந்து பிச்சை வந்து சேர்ந்தான். பிச்சை மலாக்காச் செட்டி. பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, மாரியம்மனுக்கு வருஷா வருஷம் பூசை. பேச்சு மட்டும் மலாய். பொன்னுதுரையோடு மலாயில்தான் பேசுவான், நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல்லை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வான்.

"பொன்னுதுரை," என்றான் தாழ்ந்த குரலில், "உனக்குத் தூசி பறக்காத சாமான் வேணுமாமே? என் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப் போன குண்டு. வெடிக்காமல் இருக்க என் வீட்டுக்காரி நாகம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுகிறாள். சாமி சத்தியமாக, எடுத்துக்கொண்டு போய்விடு."

போய்ப் பார்த்தால் அது குண்டு அல்ல. கிளப்பிலிருந்த தூசி உறிஞ்சும் மெஷின். உருளை உடம்பு, யானைத் துதிக்கை மாதிரி குழாய், பின்னால் துணிப்பை. வெள்ளைக்காரர்கள் ஓடிய வாரத்தில் ஊரெல்லாம் கிளப்பில் புகுந்து நாற்காலியும் கண்ணாடியும் தூக்கிக்கொண்டு போனபோது, கடைசியாக வந்த பிச்சைக்கு மிஞ்சியது இதுதான், என்னவென்று தெரியாமலே தூக்கி வந்திருந்தான்.

பொன்னுதுரைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடிக்காது. தேய்க்காது. தூசி எந்தத் திசையிலும் பறக்காது, எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இதைவிடப் பணிவான கருவி உலகத்தில் உண்டா?

அடுத்த நொடி சந்தோஷம் வற்றியது. கொள்ளைச் சாமான் வைத்திருந்தவர்களின் தலைகளைப் போன வருஷம் பாலத்தருகே கழியில் வைத்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அதில் ஒரு தலை ஒரு தையல் மெஷினுக்காக. இது அதைவிடப் பெரிய மெஷின்.

"பயமா?" என்றான் பிச்சை.

"பயமில்லாம?"

"எனக்கும்தான். ஆனால் உனக்குக் கொடுத்தபின் எனக்கு இருக்காது."

மெஷினைச் சாக்கில் போட்டு, மேலே மரவள்ளித் தழையைத் திணித்து, தள்ளுவண்டியில் வைத்துக் கிளம்பினான். சாலை முக்கில் அதே சென்ட்ரி. பொன்னுதுரை வண்டியை நிறுத்தி நெற்றி முழங்காலைத் தொடும்வரை வளைந்தான். தலை கீழே இருந்ததால் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பூட்ஸ் வண்டியைச் சுற்றியது. நின்றது. துப்பாக்கிக் கத்தி தழைக்குள் இறங்கியது.

டங்.

ரேடியோ வைத்திருந்தால் தலை போகும் காலம். இரும்பு, குழாய், கம்பி. இதை ரேடியோ இல்லை என்று எந்தப் பாஷையில் சொல்வது?

"மொரிதா," என்றான். அந்த ஒரு சொல்தான் வந்தது. "மொரிதா. மொரிதா. மொரிதா." கையிலிருந்த விண்ணப்பத்தாள் வாழையிலை மாதிரி படபடத்தது. சென்ட்ரி தாளைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு, எதையாவது செய்துதானே ஆக வேண்டும் என்பதுபோல ஓர் அறை விட்டு, போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அந்த அறை அவ்வளவு இனிமையாக இருந்ததாகப் பொன்னுதுரை பிற்பாடு ருக்மணியிடம் சொன்னான்.

அலுவலகத்தில் சாக்கை அவிழ்த்ததும் நல்லையாவின் முகம் வெளுத்துவிட்டது. இது எங்கே கிடைத்தது என்று அவர் கேட்பார், அதற்கு என்ன பொய் சொல்வது என்று பொன்னுதுரை வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அவர் கேட்கவேயில்லை. மொரிதா துரைதான் எழுந்து வந்து, கண்கள் மின்ன, மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மின்சாரக் கம்பியைச் சொருகச் சொல்லிச் சைகை காட்டினார்.

மெஷின் உறுமியது. ஒன்றரை வருஷம் கட்டிலுக்கடியில் கிடந்த துணிப்பையை எலி கடித்திருந்தது யாருக்கும் தெரியாது. முன்பக்கம் உறிஞ்சியதைவிடப் பத்து மடங்கு பின்பக்கமாகப் பீறிட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் எழுந்து மேசையை, தாள்களை, சுவரிலிருந்த சக்கரவர்த்தி படத்தை, மொரிதா துரையின் மீசையை மூடியது.

மொரிதா துரை மூன்று முறை தும்மினார். மேகம் இறங்கியபோது, சாம்பல் முகத்தோடு நின்று ஆவேசமாகக் கத்தினார். மெஷினைக் காட்டினார், தன் பங்களா இருக்கும் பக்கத்தைக் காட்டினார், பொன்னுதுரையைக் காட்டினார். பொன்னுதுரை தரையில் விழுந்து கும்பிட்டுக் கிடந்தான். கழுத்தில் ஏற்கெனவே குளிர்ந்தது.

நல்லையாவின் நெற்றியில் வேர்வை சாம்பலோடு வழிந்தது.

"பொன்னுதுரை, எழும்பும். துரை சொல்லுறார்: இந்த மெஷின் தூசியை வெளியிலே விடாமல் தனக்குள்ளே சேர்த்து வைக்குது. சேர்த்து வைக்கிறது எண்டா பதுக்கல். பதுக்கல் குற்றம். அதோடை இந்தப் பையிலே இருந்தது வெள்ளைக்காரன் காலத்துத் தூசி. எதிரியின்ரை தூசியை ஒன்றரை வருஷமா ஒளிச்சு வைச்சிருக்கிறீர். மெஷின் பறிமுதல். தூசியும் பறிமுதல். உமக்கு முத்திரை இல்லை. இனி இந்தப் பக்கம் உம்மைக் கண்டால் கழுத்து இருக்காது. ஓடும்!"

பொன்னுதுரை ஓடினான். பறிமுதலான தூசியில் கொஞ்சம் அவன் தலையிலேயே இருந்தது. அதையும் திருடிக்கொண்டு போவதாக யாராவது சொல்லிவிடுவார்களோ என்று வழியில் நின்று உதறினான். உதறும்போது கிழக்கு எது என்று பார்த்துக்கொண்டான்.

ஜூன் முப்பது வந்தது, போனது.

ஜூலை முதல் தேதி காலை. ருக்மணி இரண்டு கைலி, ஒரு போர்வை, வறுத்த கிழங்கு, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை நாலு, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அவன் கையில் கொடுத்தாள். அன்றுதான் முதன்முறையாக அவள் கேலி எதுவும் பேசவில்லை. அவனுக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"ஒளிஞ்சுக்கலாங்க. உஜோங் பாசிர்ல எங்க மாமா வீடு இருக்கு."

"ஒளிஞ்சா உன்னை இழுத்துட்டுப் போவானுங்க, ருக்கு."

லாரிச் சத்தம் கேட்டது. அவன் வாசலில் வந்து நின்றான்.

லாரி முதலில் சுப்பையன் கடை முன்னால் நின்றது. சுப்பையன் சிரித்தபடி வெளியே வந்து நெஞ்சிலிருந்த முத்திரையைக் காட்டினான். லாரி முன்சீட்டிலிருந்து நல்லையா இறங்கினார். கையில் ஒரு தடித்த புத்தகம். பெயரை வாசித்தார். இரண்டு சிப்பாய்கள் சுப்பையனின் கைகளைப் பிடித்தார்கள்.

"முத்திரை இருக்கு! ஐயா, முத்திரை இருக்கு பாருங்க!" என்று சுப்பையன் கத்தினான்.

சிப்பாய் முத்திரையைப் பார்த்தான். சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினான். சவரப்பெட்டியோடு சேர்த்துச் சுப்பையனைத் தூக்கி லாரியில் போட்டான்.

பிறகு தச்சன் வீடு. பிறகு செருப்புத் தைப்பவன் வீடு. ஒவ்வொருவன் சட்டையிலும் முத்திரை மின்னியது. ஒவ்வொருவன் கையிலும் அவனவன் கருவி. லாரி பொன்னுதுரையின் வாசலுக்கு வந்தது. அவன் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினான். ஒரு சிப்பாய் அவனைக் காட்டி ஏதோ கேட்டான். பக்கங்கள் புரளும் சத்தம். நல்லையா ஒரே ஒரு சொல் சொன்னார். சிப்பாய், லாரிக்கு வழியில் நின்றதற்காக அவனைப் பிடித்துச் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டான்.

லாரி புக்கிட் பாரு பக்கம் திரும்பியது. சுப்பையனின் குரல் திருப்பம்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

லாரியில் இடமில்லாததால், அதிலிருந்து இறக்கிய தன் சைக்கிளோடு நல்லையா சாலையில் நின்றார். டயருக்குப் பதில் சுற்றியிருந்த கயிறு அவிழ்ந்திருந்தது. குந்தி உட்கார்ந்து அதைக் கட்டத் தொடங்கினார். முடிச்சு விழவில்லை. பொன்னுதுரை சாக்கடையோரத்திலிருந்து எழுந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொடுத்தான்.

"ஐயா... என்னை ஏன் ஏத்தல?"

"உம்மடை பேர் புத்தகத்திலே இல்லை." நல்லையா தலை நிமிரவில்லை. "சயாமிலே கேக்கிறது கைத்தொழில் தெரிஞ்ச ஆக்களை, கருவியளோடை. முத்திரை வாங்கினவன் பேர், வீடு, என்ன சாமான் வைச்சிருக்கிறான் எல்லாம் இந்தப் புத்தகத்திலே கிடக்கு. வேலையில்லாதவன் பேர் எந்தப் புத்தகத்திலே கிடக்கு? லாரி புத்தகத்தைப் பாத்துத்தான் போகும்."

பொன்னுதுரை சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப மொரிதா துரை என்னை வேணாம்னு தள்ளினதுதான் நல்லதாப் போச்சு. அந்தக் கிழக்கு மேற்குக் கேள்வி, பதுக்கல்... எல்லாம் நல்லதுக்குத்தான்."

"அவர் கேக்கயில்லை."

"என்னது?"

"அவருக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. பகல் சாப்பாடு எப்ப எண்டுதான் தெரியும். என்ரை புத்தகத்தைத் திறந்தும் பாக்கிறேல்லை. கத்தினது கோபத்திலே இல்லை, குரலே அப்பிடி." முடிச்சு விழுந்தது. நல்லையா எழுந்து, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் உதடுகள் வெளுத்திருந்தன. மூன்று முறையும் மேசைக்கு அப்பால் தான் பார்த்த வேர்வை என்ன வேர்வை என்று பொன்னுதுரைக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவும் அவனுடையதைப் போலவே பயத்தின் வேர்வை.

"சுப்பையனுக்கும் சொல்லிப் பாத்தனான். தச்சனுக்கும் சொன்னனான். அவையளுக்குத் துணிச்சல் இருந்தது, என்னைத் தாண்டிப் போச்சினம். நான் சொன்ன விசர்க்கதையையெல்லாம் நம்பிப் பயந்து ஓடினது நீர் ஒருத்தர்தான்."

"அப்ப துரை... என்னதான் சொன்னார், ஐயா?"

நல்லையா சைக்கிளில் ஏறினார்.

"மூண்டு தரமும் ஒண்டைத்தான் சொன்னவர். ‘நல்ல வேலைக்காரன், இவனுக்கு முத்திரை போடு’ எண்டு."